இடது முன்சக்கரம்

ராயப்பர்புரத்துக் கரையில் அந்த ஜீப் பதினோரு நாட்களாக நகராமல் நின்றது. அதன் சாவி ஊர்க் கமிட்டித் தலைவர் அருமைநாயகத்தின் சட்டைப்பையில் இருந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களும் அது டயானாவிடம்தான் இருந்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள இந்தச் சிற்றூரில் படகுத்துறை கிடையாது. கடலுக்குப் போய் வரும் பதினான்கு ஃபைபர் வள்ளங்களையும் மணலில் இழுத்துக் கரையேற்றித்தான் வைக்க வேண்டும். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வீசும் நாட்களில் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் ஒன்றோடொன்று மோதி உடைந்துவிடும். இழுக்க ஆள் குறைந்தபோது, ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் உப்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த தொண்ணூற்றாறாம் வருட ஜீப்பைக் கமிட்டி வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முதலில் ஓட்டியவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டிப் பழகியிருந்த டயானா, "நான் ஓட்டுதேன்" என்றாள். அவள் கணவன் ஜாய்சனும் கப்பலில்தான் இருந்தான். சிலர் சிரித்தார்கள். பிறகு வள்ளம் வந்து நின்றதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

போன வாரத் திங்கட்கிழமை, அன்றைய முதல் வள்ளத்தை அவள் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது, ஜீப்பின் பின்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கின. வண்டி பின்னால் சறுக்கியது. கயிறு தளர்ந்ததும் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதைத் தாங்கிப் பிடித்தபடி வந்த அதன் சொந்தக்காரர் ஆன்டனியின் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கும் ஃபோர்வீல் கம்பியை டயானா போடவில்லை என்று ஆன்டனி சொன்னார். கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். போட்டேன் என்று டயானா சொன்னாள். கமிட்டி சாவியை வாங்கி வைத்துக்கொண்டது. விளாத்திகுளத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைப்பது, வண்டியில் பழுது இல்லையென்றால் டயானா இனி அதைத் தொடக்கூடாது என்று முடிவானது. அவளுக்கு வண்டி மட்டும் பிரச்சினை இல்லை. ஆன்டனியின் மனைவி பிலோமி அவளுக்கு அடுத்த வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள். பதினோரு நாட்களாக அவள் டயானாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் மாரிச்செல்வம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பைக்கில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். கரிசல் காட்டில் சிக்கிக்கொள்ளும் டிராக்டர்களும் பழைய ஜீப்புகளும்தான் அவருடைய தொழில். கடலைப் பார்த்தார், பிறகு ஜீப்பைப் பார்த்தார். "இந்த உப்புக்காத்துல இது இன்னும் நிக்குதே, அதுவே பெரிசு."

சற்றுத் தள்ளி, வலை வைக்கும் கொட்டகையின் நிழலில் அருமைநாயகமும் நாலைந்து பேரும் இருந்தார்கள். ஆன்டனி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். மணல் படாமலிருக்க மாவுக்கட்டின் மேல் பாலித்தீன் பை சுற்றியிருந்தது. பிலோமி அவருக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. ஊளி மீன் கொழம்பு" என்றார் அருமைநாயகம்.

"வெள்ளிக்கிழமை நான் மீன் சாப்பிட மாட்டேன், அண்ணாச்சி."

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை கறிதான் ஆகாது, மீன் ஆகும். நல்ல வேளை, நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பொறக்கல. சமைக்குதவ பாடு திண்டாட்டம்."

மாரிச்செல்வம் சிரித்துவிட்டு, "ஓட்டுனது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் டயானா.

"அப்போ கூட வாங்க, அக்கா. வண்டி என்ன செஞ்சிதுன்னு ஓட்டுனவங்களுக்குத்தான் தெரியும்."

"அவ சொல்லுததைக் கேட்டுத்தான் பழுது கண்டுபிடிப்பீரா?" என்றார் ஆன்டனி.

"பழுத வண்டி சொல்லும், அண்ணாச்சி. நான் இவங்ககிட்ட நோவ மட்டும் கேக்கேன்."

கம்பி எப்படிப் போனது என்று கேட்டார். எப்போதும் போல டக்கென்று விழுந்தது என்றாள். முன்னால் கடகடவென்று சத்தம் வந்ததா என்று கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்ல. எஞ்சின் அழுவுது, பின்னால மண்ணு பறக்குது. முன்னால வண்டி செத்த மாதிரி கெடந்துச்சி."

இந்த மாதிரி வண்டிகளில் முன்சக்கரங்கள் எப்போதும் இழுப்பதில்லை. கம்பியைப் போட்டால் எஞ்சினின் விசை முன்பக்க ஷாஃப்ட் வரை வரும். அதற்கு மேல், ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பிப் பூட்டினால்தான் சக்கரம் அந்த விசையோடு சேரும். தார் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் டீசலை மிச்சம் பிடிக்கப் பூட்டைத் திறந்து விடுவார்கள். கரையை விட்டு வெளியே போகாத வண்டி என்பதால் டயானா எப்போதும் பூட்டியே வைத்திருந்தாள். இப்போதும் இரண்டு குமிழ்களும் பூட்டிய குறியில்தான் நின்றன.

"அத நாங்களும் பாத்துட்டோம். ரெண்டும் லாக்குலதான் நிக்கி" என்று கொட்டகையிலிருந்து சொன்னார் அருமைநாயகம். "அப்போ கம்பி போடலங்கதுதான பாக்கி?"

மாரிச்செல்வம் சாவியைக் கேட்டு வாங்கி டயானாவிடம் கொடுத்தார். இரண்டு குமிழ்களையும் திறந்த குறிக்குத் திருப்பினார். இப்போது சக்கரங்களால் ஷாஃப்ட்டைச் சுற்ற முடியாது. அது சுற்றினால் கம்பி வழியாக வந்த விசைதான் சுற்றியதாக அர்த்தம். கம்பியைப் போட்டுப் பத்தடி ஓட்டச் சொல்லிவிட்டு, மணலில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

ஷாஃப்ட் சுற்றியது.

"கம்பி நல்லாருக்கு" என்றார் எழுந்து.

அது டயானாவுக்கு நல்ல செய்தி இல்லை. கம்பி வேலை செய்கிறது, பூட்டும் பூட்டியிருக்கிறது என்றால், அவள் அதைப் போடவில்லை என்பதுதான் மிஞ்சும்.

"நான் சொன்னேம்லா?" என்றார் ஆன்டனி. பிலோமி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

 மாரிச்செல்வம் குமிழ்களை மறுபடியும் பூட்டினார். ஜாக்கி மணலில் புதையாமலிருக்கப் பலகை போட்டு, முன் அச்சைத் தூக்கி இரு சக்கரங்களையும் அந்தரத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கியரிலும் ஃபோர்வீலிலும் போட்டார். வலது சக்கரத்தைக் கையால் சுற்றினார். அச்சுக்குள்ளே பல்சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அப்போது இடது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். அது அசையவில்லை.

இந்தப் பக்கம் வந்து இடது சக்கரத்தைச் சுற்றினார். சைக்கிள் சக்கரம் போல லேசாக ஓடியது. உள்ளே சத்தமே இல்லை.

"இங்கனதான் இருக்கு" என்றார். "வெளிய பூட்டிருக்குன்னு காட்டுது. உள்ள பூட்டல."

"ஆனா வலது பக்கம் நல்லாத்தான இருக்கு? அதாச்சும் இழுத்திருக்கணுமே?" என்றாள் டயானா.

"ஒரு பக்கம் விட்டா ரெண்டும் போச்சி, அக்கா. வெசை பூராவும் லேசான பக்கமா ஓடிரும். அன்னைக்கு நீங்க என்ன போட்டாலும் முன்வீல் ரெண்டும் சும்மாதான் நின்னிருக்கும்."

டயானா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.  அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் குமிழின் ஆறு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்த்தாள். மூடி வந்ததும் உள்ளே பழுப்பு நிற கிரீஸ் இடம் விடாமல் அடைத்திருந்தது. மாரிச்செல்வம் விரலை விட்டுத் தோண்டி, செய்தித்தாளில் வழித்துப் போட்டார். அதற்கு அடியில், சக்கரத்தைப் பூட்ட வேண்டிய வளையம் பற்களைத் தொடாமல், அரை விரல் தூரத்தில் சிக்கி நின்றது.

"இதுல சும்மா ஈரம் தெரியத் தடவுனாப் போதும். இப்படி அடைச்சா ஸ்ப்ரிங்கால வளையத்தத் தள்ள முடியாது." குரலைத் தாழ்த்தினார். "யாரு வச்சது?"

அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குமிழ்களில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்து, அவளேதான் இரண்டையும் கழற்றினாள். இந்தக் கரையில் இரும்புக்கு யாரும் அளவு பார்த்து கிரீஸ் வைப்பதில்லை. படகு எஞ்சினுக்கும் கப்பிக்கும் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு வைப்பார்கள். உள்ளே இடமிருந்தால் உப்பு புகுந்துவிடும் என்பதுதான் பயம். வலது பக்கம் வைத்தது போக, டப்பாவில் மிஞ்சியதை வீணாக்க வேண்டாமென்று எல்லாவற்றையும் இடது பக்கம் அழுத்தினாள். மறுநாள்தான் ஆன்டனியின் கால் முறிந்தது.

"நான்தான்" என்றாள்.

மாரிச்செல்வம் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசியது காற்றிரைச்சலில் அங்கே கேட்டிருக்காது.

"பூட்டுப் பிடிக்கலன்னு சொல்லிருதேன். அது பொய் இல்லியே. யாரு அடைச்சான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

"என்ன தம்பி, ஆச்சா?" என்று சத்தம் போட்டார் அருமைநாயகம்.

மாரிச்செல்வம் எழுந்து நின்றார். "பழுது இருக்கு, அண்ணாச்சி. இடது பக்கம் பூட்டு பிடிக்கல. ஃபோர்வீல் போட்டாலும் முன்வீல் இழுத்திருக்காது."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. பதினோரு நாட்களில் முதல்முறையாக பிலோமி நேராக டயானாவைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பார்வை அவளுக்கே தங்கியிருக்கும். டயானா கிரீஸோடு அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் ஆன்டனியின் முன்னால் நின்றாள்.

"ஆன்டனி அண்ணே, இத உள்ள அடைச்சது நான். உப்பு ஏறுதேன்னு அடைச்சேன். இதனாலதான் பூட்டு பிடிக்கலயாம். கம்பி போட்டேன், அது சத்தியம். ஆனா உங்க கால ஒடிச்சது நான்தான்."



"ஏளா, இத இன்னைக்கு வந்து சொல்லுத?" என்றார் அருமைநாயகம்.

"இன்னைக்குத்தான் தெரியும், மாமா."

ஆன்டனி கையை நீட்டி, கொஞ்சம் கிரீஸை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. யார் மேல் என்று சொல்ல முடியவில்லை.

"கம்பிய நான் பாக்கல" என்றார்.

"என்னலே சொல்லுத? கண்ணால பாத்தேன்னு கோயில் பாதர் முன்னால சொன்னியே?" என்றார் அருமைநாயகம்.

"முன்வீலப் பாத்தேன். பின்வீல் சுத்துது, முன்வீல் ரெண்டும் சும்மா நிக்கி. அப்போ போடலன்னுதான அர்த்தம்? அதான் பாத்தேன்னு சொன்னேன்." காலைச் சற்று நகர்த்தி முகம் சுளித்தார். "வலியில கெடக்கேன். யார் மேலயாவது போடணும்லா, மாமா."

பிலோமி தலையில் கைவைத்துக்கொண்டாள். "நல்லாருக்கு. அவ போட்டது நெசம், நீரு பாத்ததும் நெசம். நடுவுல நான் பதினோரு நாளா வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். கால நீட்டிக்கிட்டு நீரு படுத்துத பாட்ட இவகிட்டச் சொல்லாம வேற யாருகிட்டப் போயிச் சொல்ல?"

யாரோ சிரித்தார்கள். அருமைநாயகம் சிரிக்கவில்லை. தெரியாமல் செய்தாலும் தவறு தவறுதான் என்றும், ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடித்தான் முடிவு சொல்லும் என்றும் சொன்னார். சரி என்றாள் டயானா.

பகல் பன்னிரண்டு மணிக்குள் மாரிச்செல்வம் இரண்டு பூட்டுகளையும் டீசலில் கழுவி, கிரீஸை மெலிதாகத் தடவி மாட்டினார். வலது சக்கரத்தைச் சுற்றினால் இடது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அதற்குள் கொண்டல் பலத்துவிட்டது. வள்ளங்கள் கரையை நோக்கி வரத் தொடங்கின. பதினோரு நாட்களாக வள்ளம் இழுத்துக் கொடுத்த பக்கத்து ஊர் டிராக்டர்காரன், அவன் ஊரில் மழை பெய்ததென்று உழவுக்குப் போய்விட்டான். ஜீப்பைத் தவிர வழியில்லை. அருமைநாயகம் சாவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"மொதல்ல வாரது என் வள்ளம். எனக்குப் பதிலா ஜெனிஸ் கொண்டு வாரான்" என்றார் ஆன்டனி. "சாவிய அவகிட்டக் குடும், மாமா."

டயானா கை நீட்டவில்லை. "வள்ளத்துக்குப் பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் கயிறு கட்டித் தூரத்துல நின்னு பிடிக்கட்டும். கைத்தாங்கல் வேண்டாம்."

"அதுக்கு ரெண்டு மடங்கு நேரமாகும்ளா" என்றது ஒரு குரல்.

"ஆகட்டும்."

அருமைநாயகம் பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கெழம வரைக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

ஆன்டனி தன் நாற்காலியைத் தூக்கிவந்து முன்சக்கரங்கள் தெரியும் இடத்தில் போடச் சொன்னார். பிலோமி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வள்ளத்தின் இரு பக்கமும் கயிறு கட்டி, ஆட்கள் முனகிக்கொண்டே விலகி நின்றார்கள். டயானா கம்பியைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். கயிறு விறைத்தது.

"சுத்துதா, அண்ணே?"

"ரெண்டும் சுத்துது. போ."

மேட்டின் பாதியில் அவள் மறுபடி தலையை வெளியே நீட்டினாள்.

"அதான் சுத்துதுன்னு சொல்லுதேம்லா" என்று கத்தினார் ஆன்டனி. "போளா!"