இருபத்து நான்காவது கட்டம்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு எல்லாவற்றிலும் அளவு உண்டு. பேச்சில் அளவு, சிரிப்பில் அதைவிட அளவு. அப்பேர்ப்பட்டவள் பள்ளிக்குப் பின்னால் தோட்டம் போடலாம் என்று தானாக முன்வந்தபோது தலைமை ஆசிரியருக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தின் ஒரு மூலையில், குழாயடியில், அவள் நோட்டுத் திருத்தி முடிக்கும் வரை மகள் தினமும் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "இன்னும் எத்தன நோட்டும்மா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், "பத்தே பத்து நோட்டுடி" என்று டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னாள். பொறுமையிழந்த பிள்ளை தனியாகச் சாலையைக் கடந்தது. லாரிக்காரன் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த மூலை கண்ணில் பட்டாலே டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு செடி நட்டு மூடிவிட்டால் தேவலை என்று இருந்தது.

ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. "இருவது மீட்டர் கம்பி வேலி இருக்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு செடி. வீட்ல வரைஞ்சு, சுற்றளவும் பரப்பளவும் போட்டுட்டு வாங்க" என்றாள். இருபத்து நான்கு செடிகள் வந்து இறங்கின.

மறுநாள் கடைசி மணி அடித்ததும் திருத்த உட்கார்ந்தாள். முதல் நோட்டில் சுற்றளவு இருபது, பரப்பளவு இருபத்து மூன்று. குழாயடி மூலையில் ஒரு கட்டத்தைக் காணோம். வேலி அங்கே உள்பக்கமாக மடங்கியிருந்தது. தப்பு போடச் சிவப்புப் பேனாவைத் தூக்கியவள் கூட்டிப் பார்த்தாள். ஆறு, நான்கு, ஐந்து, ஒன்று, ஒன்று, மூன்று. இருபதேதான். மூலையைப் பிடுங்கிய பிறகும் வேலி குறையவில்லை. வெளியே நின்று அளக்கிறவனுக்கு உள்ளே ஒன்று போனது தெரியவே தெரியாது. டீச்சருக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த நோட்டிலும் அதே மூலை. மடமடவென்று புரட்டினாள். இருபத்தெட்டு நோட்டிலும் அதே மூலை.

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த வாலுப் பெண்ணைக் கூப்பிட்டாள். "யாரைப் பாத்துடி எல்லாரும் காப்பி அடிச்சீங்க?"

"யாரும் அடிக்கல டீச்சர், சத்தியமா."

"அப்புறம் ஏன் அந்தக் கட்டத்த விட்டீங்க?"

வாலு திருதிருவென்று விழித்தது. "அங்கதான் அந்தப் பொண்ணு உக்காந்திருக்கே டீச்சர். எப்படிச் செடி நடறது?"

டீச்சருக்கு ஜன்னல் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. "ஏதாச்சும்... பேசுச்சா?"

"ஒரே கேள்விதான். இன்னும் எத்தன நோட்டுன்னு."

மேஜையில் நோட்டுகள் அப்படியே கிடந்தன. டீச்சர் பேனாவை மூடினாள். "முடிஞ்சிருச்சுடி கண்ணு. அம்மா வந்துட்டேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அன்று சாலையில் இரண்டு பக்கமும் பார்த்து, வலது கையைத் தாழ்த்திப் பிடித்தபடி, மெதுவாக நடந்து கடந்தாள்.

மறுநாள் காலையில் இருபத்து மூன்று கட்டங்களிலும் செடி நட்டாயிற்று. மிஞ்சிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாலு மூலையை எட்டிப் பார்த்தது.

"டீச்சர், இப்ப இங்க யாரும் இல்ல. நடட்டுமா?"

அந்த மூலையை மூடத்தானே டீச்சர் ஆசைப்பட்டாள்? இருந்தும், "வேணாம், விட்டுடு" என்று பதறிப்போய் மூலையை நோக்கி ஓடினாள்.