பின்னறைச் சூரியன்கள்

மருத்துவர் பையை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது மகள் கூடத்துத் தரையில் மண்டியிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு அம்மாளும் மாடிவீட்டு டீச்சரும் உள்ளே நுழைந்தார்கள். அப்பா போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் வீட்டைச் சுத்தம் செய்கிறாளே என்று டீச்சர் கண்ணாலேயே கேட்டாள். அதுதானே என்று எதிர்வீட்டு அம்மாள் உதட்டாலேயே பதில் சொன்னாள். இருவருக்கும் இந்த மொழி நல்ல பழக்கம்.

மகள் துடைத்தது அழுக்கை அல்ல. புதிதாகப் படங்கள் மாட்டச் சுவரில் துளை போட்டதில் தரையெங்கும் மெல்லிய வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அதன்மேல் இரண்டு கோடுகள். அப்பாவின் அறை வாசலில் புறப்பட்டு, கூடத்தின் நடுவே சற்று நின்று, நேராகப் பின்னறைக்குள் போயிருந்தன. வீல்சேரின் தடம். நேற்று சாயங்காலம் அவள் விளக்குகள் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது பதிந்தது.

அப்படியானால் அப்பா பார்த்துவிட்டார்.

தெருவுக்கே அவர் மேனேஜர். காப்பீட்டு அலுவலகத்தில் அந்தப் பதவியில் ஓய்வு பெற்றவர். பதவி போனாலும் பட்டம் போகவில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே தூரிகை வாங்கினார். அன்றிலிருந்து அவர் கையில் சூரியன் அஸ்தமித்துக்கொண்டே இருந்தது. கடலில், மலை இடுக்கில், அருவிக்குப் பின்னால், இரண்டு அன்னங்களுக்கு நடுவில் என்று எங்கே மறைந்தாலும் அதே ரத்தச் சிவப்புதான். தெருவில் ஒரு வீடு விடாமல் பரிசளித்திருந்தார். மேனேஜர் வருகிறார் என்று தெரிந்தால் வீட்டுக்கு வீடு பரணிலிருந்து சூரியன் உதிக்கும். அவர் கிளம்பியதும் மறுபடி பரணில் மறையும்.

மகள் பீங்கான் கலைஞர். தெருவுக்குப் பானைக்காரி. கொல்லைப்பக்கக் கொட்டகையில் மின்சூளை வைத்து, சாம்பல் பூத்த வெள்ளையில் ஜாடியும் கிண்ணமும் செய்வாள். விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வேண்டுமென்றேதான் சாய்க்கிறாள் என்பதை யாரும் நம்பவில்லை. பாவம், இத்தனை வருஷமாகியும் கை நேராக வரவில்லையே என்று பரிதாபப்பட்டார்கள்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, அவருக்கு ஓர் உற்சாகமாக இருக்கட்டுமே என்று அவள்தான் ஆரம்பித்தாள்: வீட்டிலேயே ஒரு கண்காட்சி, அவர் படங்களும் அவள் பானைகளும் ஜோடி ஜோடியாக. அவர் முகம் மலர்ந்ததா என்பது அவளுக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "அப்பனும் மகளும் சேர்ந்து நடத்துறோம், கட்டாயம் வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழைப்பும் போய்விட்டது. கண்காட்சி நாளைக்கு.

ஜோடி சேர்த்துப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. அந்தச் சிவப்புக்கு முன்னால் அவள் ஜாடிகள் கழுவாமல் விட்ட பாத்திரம் போல நின்றன. வந்து பார்த்த ஓவியத் தோழி நாகரிகமாகத்தான் சொன்னாள். "உன் பானையெல்லாம் ஏன் இப்படி மிரண்டு நிக்குது?" தோழியின் படங்கள் வேறு ரகம், பெரிய சாம்பல் வெளியில் ஓரமாக ஒரு கோடு. வெள்ளையடிப்பவன் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டானா என்று டீச்சர் பிறகு கேட்டாள். ஆனால் அவற்றின் முன்னால் வைத்ததும் ஜாடிகளுக்கு உயிர் வந்துவிட்டது. அதை மறுக்க மகளால் முடியவில்லை. நேற்று பகலோடு பகலாகத் தோழியின் படங்கள் கூடத்தில் ஏறின; அப்பாவின் சூரியன்கள் துணி தேய்க்கும் பின்னறைக்குப் போயின. மனசாட்சி உறுத்தியதில் அருவிப் படத்துக்கு முன்னால் மட்டும் ஸ்டூல் போட்டு ஒரு சின்ன ஜாடியை வைத்தாள். அப்பா எழுந்து வரவா போகிறார்? நாளைக்குக் கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம்.

விளக்குகளோடு திரும்பியபோது அப்பா தூங்கிவிட்டிருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்சம்மா கிளம்பிப் போயிருந்தாள். காலையில் போர்வையை இழுத்துவிடத் தொட்டபோது கை ஜில்லென்றிருந்தது.

நர்சம்மாவுக்கு இன்று விடுமுறை, ஊரிலிருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போகிறாள். தகவல் சொல்லக் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

உடலைக் கூடத்தில்தான் கிடத்த வேண்டியிருந்தது. பானைகளை அப்புறப்படுத்த நேரமில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் புடவையையும் கையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டூல்களுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்தார்கள். யாரோ கொண்டுவந்த பூங்கொத்தை நிற்க வைக்க இடம் தேடி, அவளுடைய ஆகப் பெரிய ஜாடியில் சொருகிவிட்டார்கள். "இதுக்குத்தான் செஞ்சாளா! இப்பதான் விளங்குது" என்றாள் எதிர்வீட்டு அம்மாள், நிஜமான மகிழ்ச்சியோடு.

மகள் அழவில்லை. இதைத் தெரு கவனித்துக்கொண்டிருந்தது. அவள் பார்வை அப்பாவின் முகத்துக்கும் பின்னறைக் கதவுக்குமாகப் போய் வந்தது. கடைசியாக அவர் பார்த்தது அதைத்தானா? பெற்ற மகள் தன்னை இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாரா? அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மதியம் அத்தை வந்தாள். மேனேஜரின் ஒரே தங்கை. அவள் அழ ஆரம்பித்தால் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்களைப் பார்த்தாள்.

"ஏண்டி, இதெல்லாம் என்ன?"

"படம், அத்தை."

"படமா? சரி இருக்கட்டும். அண்ணன் வரைஞ்சதெல்லாம் எங்க? தலைமாட்டுல ஒண்ணு வைக்கலாம்னு பார்த்தேன்."

"உள்ள இருக்கு. நான் எடுத்துட்டு வரேன்."

"நீ உக்காரு. எனக்குத் தெரியாத வீடா?"

தடுப்பதற்குள் அத்தை பின்னறைக்குப் போய்விட்டாள். போனவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கூடம் முழுக்கக் காது.

"துணி தேய்க்கிற ரூம்ல மாட்டி வச்சிருக்கியேடி! வர்றவன் போறவனையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டு இருந்தாரே மனுஷன், அப்பனும் மகளும்னு! கேவலம் ஒரு சட்டிக்குப் பின்னாடி நிக்கக்கூட அவர் படத்துக்கு லாயக்கில்லையா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். ஆனால் காதைத் தரையில் வைக்கவில்லை. பரணில் சூரியனை வைத்திருந்த அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

  அப்போதுதான் வாசலில் நர்சம்மா, தோளில் பயணப் பை, மூச்சிரைக்க.

"பஸ்ஸுல இருந்தேம்மா, போன் பையடியில கெடந்துச்சு. பாதி வழியில பார்த்துட்டு அப்படியே எறங்கி வேற பஸ் புடிச்சு வர்றேன்." மேனேஜரின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து எவ்ளோ சந்தோசமா இருந்தாரு தெரியுமா?"

மகள் அவள் கையைப் பிடித்தாள். "நேத்து... அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

நர்சம்மா பதறிவிட்டாள். "அவராத்தாம்மா அடம் புடிச்சாரு. ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு, என்னன்னு பார்க்கணும்னு. கூடத்துல அவரு படம் ஒண்ணும் இல்லியே, எனக்கே திக்குனு ஆயிருச்சு. சார், வாங்க போயிரலாம்னேன். உள்ள தள்ளுன்னாரு."

"அப்புறம்?" என்றது அத்தைதான்.

"உள்ள போயி சுத்திச் சுத்திப் பார்த்தாரு. ஒண்ணும் பேசல. எனக்கு பயம். அப்புறம் சிரிக்கிறாரு! 'அப்பாடா'ங்கறாரு. 'இப்பதான் படமே கண்ணுக்குத் தெரியுது. இத்தனை நாளா முன்னாடி சட்டி சட்டியா வச்சு மறைச்சுட்டா. குரூப் போட்டோவுல எவனோ தலைய நீட்டின மாதிரி'ன்னு."



"நான் சொன்னேன், பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே சார்னு. 'சேச்சே, வாய விட்றாத. பாவம், அவ பானை தனியா நிக்காதுன்னு என்கூட சேர்த்துக்கிட்டா. அவளாவே புரிஞ்சுக்கிட்டு எனக்குத் தனி ரூம் குடுத்துட்டா பாரு, கெட்டிக்காரி'ன்னாரு. வெளிச்சம் போற வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு. அந்த அன்னப் படம் கோணலா இருக்குன்னு என்னை ஏத்தி இறக்கி உயிரை வாங்கிட்டாரு."

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு முதுகு. கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. முந்தானைக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த நினைக்க நினைக்க இன்னும் பொங்கியது. பானை தனியா நிக்காதாமே! காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து வாசல் வழியாகப் போய்விட்டது.

அத்தை பாய்ந்து வந்து அவளை அணைத்துக்கொண்டாள். "அழுடி, அழுதுடு. நான் ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதே."

"அப்பாடா, அழுதுட்டா" என்று எதிர்வீட்டு அம்மாள் டீச்சரின் காதில் சொன்னாள். தெருவுக்கும் மூச்சு வந்தது. டீச்சர் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி போட்டாள்.

வண்டி வந்து, அவரைக் கொண்டுபோய், எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அத்தை சோபாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். மகள் பின்னறைக்குப் போனாள். ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெளிச்சத்தில் சுவர் முழுக்கச் சூரியன்கள் மறைந்துகொண்டிருந்தன. எத்தனை சிவப்பு! அன்னப் படம் இப்போதும் கோணல்தான், மறுபக்கமாக. ஒரு விரலால் நேராக்கினாள்.

அருவிப் படத்துக்கு முன்னால் ஸ்டூல் மட்டும் இருந்தது.

ஜாடி கதவுக்குப் பின்னால் கிடைத்தது, சுவரைப் பார்த்தபடி. எடுத்து உள்ளே பார்த்தாள். அவர் எந்நேரமும் வாயில் அடக்கிக்கொள்ளும் இருமல் மிட்டாயின் பச்சைத் தாள்கள், ஒவ்வொன்றும் கவனமாக உருட்டிப் போடப்பட்டு, அடியில் ஏழெட்டு இருந்தன.

அவள் ஸ்டூலை மட்டும் தூக்கிக்கொண்டாள். ஜாடியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு, அதில் இடிக்காமல் கதவைச் சாத்தினாள்.