பன்னிரண்டிலிருந்து நாற்பது

பக்கவாதம் வந்து நாலு மாதமாக அக்காவிடம் எந்த அசைவும் இல்லை. கண் திறந்திருக்கும், பார்க்கிறாளா என்று தெரியாது. "நாம பேசுறது காதுல விழுதான்னே சொல்ல முடியலை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அசையாத கையிலும், மூளையின் உத்தரவு வந்து சேர்ந்தால் தசையில் துளி மின்சாரம் எழும் என்று படித்திருந்தான். அளப்பதற்காக அவன் வாங்கிய ஆர்டுவினோ என்ற சின்ன மின்னணுப் பலகைக்கு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குக் கீழே கண் தெரியாது. தசையில் எழுவதோ அதைவிடச் சன்னம். நடுவில் ஆயிரம் மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பற்றவைத்தான். அது வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கியது. ஃபேன், டியூப்லைட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்து, லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிய பிறகுதான் திரையில் அளவைக் காட்டும் எண் பன்னிரண்டில் அடங்கியது.

ஈ.சி.ஜி.க்கு ஒட்டும் வில்லைகள் மூன்றை அக்காவின் முன்கையில் ஒட்டி, குனிந்து, "அக்கா, கையை மூடு" என்றான்.

நாற்பது.

நிமிர்ந்தான். பன்னிரண்டு. மறுபடி குனிந்து கேட்டான். நாற்பத்தொன்று.

"மாமா, இங்க வாங்க."

அக்காவின் கணவர் ஈரக் கையோடு வந்தார். அளந்து பேசுகிறவர். அவள் காதருகே குனிந்து, "நான்தான்" என்றார். எண் ஏறியது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மகளுக்கு ஃபோன் செய்ய வெளியே போனார்.

தம்பியின் தொழில் புத்தி சும்மா இருக்குமா? பழுது சரியானாலும் இன்னொரு தடவை சோதித்தே பழகியவன். வில்லைகளைக் கழற்றி, கட்டிலோரம் கிடந்த ஈரத் துண்டில் ஒட்டினான். குனிந்து, "அக்கா, கையை மூடு" என்றான்.

நாற்பது.

பேசக் குனிகிறவர் உடம்புதான் வயருக்குப் பக்கத்தில் வந்து, சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

மாமா திரும்பி வந்தார். "கிளம்பிட்டா மாப்ள. அடுத்த பஸ்லயே வர்றா."

தலை நிமிராமல், துண்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான்.

மாமா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இவளுக்குக் கேக்கலைன்னு ஆச்சா?"

"அப்படியும் இல்ல மாமா. இந்த மிஷினுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

"டாக்டரும் நாலு மாசமா அதைத்தானே சொல்றாரு."

வில்லைகளைத் திரும்ப அக்காவின் கையில் ஒட்டச் சொன்னார் மாமா. இருவரும் சுவரோரம் தள்ளி உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு. பதினொன்று. பன்னிரண்டு.

"அவ எப்பவுமே ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவா" என்றார் மாமா. "இன்னொரு தரம் கேளு."

கேட்டான். மகளுக்கு ஃபோன் செய்து வரவேண்டாம் என்று சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை.