கழன்றதும் கழற்றியதும்

கணினி ஒன்பது நிமிடங்கள் ஓடும், பிறகு அணையும், யாரும் தொடாமலே மீண்டும் எழும். இருபத்திரண்டு நாட்களாக அந்த வீட்டில் எல்லோரும் இந்த மூன்று வினைகளைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் தன்வினைகள். செய்தவர் இன்னாரென்று சொல்லாமல் செயலை மட்டும் சொல்வதற்கு மொழி தரும் வசதி அது. செய்தவள், அந்த வசதியின் மறைவில், அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய மாமனார் பேருந்துப் பணிமனையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேருந்து எப்போது புறப்பட்டது, எப்போது திரும்பியது, தாமதமென்றால் காரணம் என்ன என்று பதிவதே அவர் பணி. ‘காரணம்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்ட ஓட்டுநர் எவரும் அவருடைய சன்னலைக் கடந்ததில்லை. ‘வழியில் கூட்டம்’ என்று சொல்லித் தப்பவும் முடியாது. எந்த வழி, என்ன கூட்டம், ஏன் கூடினார்கள்?

ஓய்வுக்குப் பின் தம் வாழ்க்கை வரலாற்றை எழுத முடிவு செய்தார். எழுத என்றால், சொல்ல. தட்டச்சு செய்ய மருமகள் இருந்தாள். நாள்தோறும் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணி வரை அவர் சொல்ல, அவள் அடித்தாள். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருக்கு இன்னும் திருமணம் ஆகியிருக்கவில்லை.

இலக்கணத்தில் முதுகலை முடித்தவள் அவள். பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கை வரலாறு வளர வளர, மெய்ப்பு வருவது குறைந்து பின் நின்றது. கணவனிடம் ஒரே ஒருமுறை பேசிப் பார்த்தாள்.

“தினமும் மூணு மணி நேரம் போயிடுதுங்க. எனக்கு வர்ற வேலைய எப்ப பாக்கறது?”

“அப்பாவுக்கு வேற என்ன பொழுதுபோக்கு, சொல்லு. நீ வீட்டுலதானே இருக்க?”

அந்தத் ‘தானே’யை அவள் மனத்துக்குள் பிரித்துப் பார்த்தாள். தேற்றமும் வினாவும் கலந்த இடைச்சொல் அது. ஆம் என்றாலும் அகப்படுவாள், இல்லை என்றாலும் அகப்படுவாள்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், மாமனார் உறங்கும் வேளையில், தூசி துடைப்பதற்காகக் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சூட்டைத் தணிக்கும் சிறு மின்விசிறி. அதிலிருந்து ஒரு வயர். அதன் முனை மின்சுற்றுப் பலகையில் செருகியிருந்தது. அதைப் பிடுங்க ஒரு நொடி போதுமானதாயிருந்தது. தொங்கும் முனை எதிலும் உரசக் கூடாதென்று, தையல்பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, வயரை மடித்து, பூ முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிழையையும் ஒழுங்காகச் செய்தே பழகியவள்.

அன்றிலிருந்து கணினி அணைந்து அணைந்து எழுந்தது. கணவன் வைரஸ் என்றான், நீக்கினான். பிளக் என்றான், மாற்றினான். அலுவலக நண்பன் சொன்னானென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்ற முயன்றான். ஏற்றும்போதே ஒன்பதாம் நிமிடத்தில் அது அணைந்தது; ஏழாம் முயற்சியில்தான் ஏறி முடிந்தது. நல்லவேளையாக நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் பென் டிரைவில் இருந்தன. நல்லவேளை என்று அவளும் சொன்னாள்.

மாமனார் மட்டும் எதையும் தொடவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் பதிந்துவந்தார். எழுந்தது 11.04, அணைந்தது 11.13. எழுந்தது 11.14, அணைந்தது 11.18.

இந்த நிலையில்தான் முந்தாநாள் இரவு அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. எட்டு மாதங்களுக்கு முன் விண்ணப்பித்து, மறந்தும்போயிருந்த வேலை: ஓர் அகராதி அலுவலகத்தில் முழுநேரப் பதிப்புத் திருத்துநர். எழுத்துத் தேர்வு இன்று மாலை நான்கு மணிக்கு; இணையவழி; நாற்பது நிமிடங்கள். கைபேசியில் எழுத முடியாது. இடையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் நுழைய முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘தேர்வு எழுதும் அறையில் வேறு எவரும் இருத்தல் கூடாது.’ ‘எவரும்’ என்பதில் உம்மை முற்றும்மை, ஒருவருக்கும் விலக்கில்லை.

நேற்று விடுமுறை. கணவன் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை கணினியின் முன்னாலேயே இருந்தான். இன்று மாமனார் ஒன்றரைக்குப் படுப்பார், மூன்றுக்கு எழுவார். அதற்குள் தகட்டைக் கழற்றி வயரைச் செருகி மூடிவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவரைக் காலையிலேயே எடுத்துத் தையல்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

மாமனார் படுக்கவில்லை.

“மெக்கானிக்குக்குப் போன் பண்ணிட்டேன்மா. பன்னண்டுலேருந்து நாலுக்குள்ள வர்றேன்னான். ‘உள்ள’ங்கறது ஒரு நேரமா? டெப்போவுல எவனாவது அப்படிச் சொல்லியிருந்தா பஸ்ஸ விட்டு எறக்கியிருப்பேன்.”

“நீங்க படுங்க மாமா. ஆள் வந்தா நான் எழுப்பறேன்.”

“நீ அடுப்படியில இருப்ப, பெல் கேக்காது. அவன் போயிட்டு, வந்தேன் ஆள் இல்லன்னு சொல்லுவான். இந்த ஆளுங்கள எனக்குத் தெரியாதா?”

பிளாஸ்டிக் நாற்காலியைக் கணினி மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, நோட்டை மடியில் வைத்து அமர்ந்தார். அவருடைய முழங்கால் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டில், சரியாக இரண்டு திருகாணிகளுக்கு நடுவில், சாய்ந்திருந்தது.

ஒன்றே முக்காலுக்குத் தேநீரோடு போனாள். இரண்டே காலுக்குத் துடைப்பத்தோடு போனாள். அவர் முழங்காலை மட்டும் உயர்த்தி, பெருக்கியதும் பழைய இடத்திலேயே வைத்தார். இரண்டரைக்குப் புத்தக அலமாரியின் முன்னால் நின்றாள்.

“என்னம்மா தேடுற?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“ஒண்ணுமில்லாதத இவ்ளோ நேரமா தேடுறியே, கெடைக்குமா?”

மூன்று பத்துக்கு அழைப்புமணி ஒலித்தது.

மெக்கானிக் முப்பது வயதுக்காரன்; தோளில் கருவிப் பை. கணினியைத் தொடுமுன் கேட்டான்: “என்ன ஐயா பிரச்சினை?”

மாமனார் நோட்டை நீட்டினார். அவன் ஒரு பக்கம் படித்தான், திருப்பினான், பிறகு நின்றபடியே நான்கு பக்கங்கள் படித்தான்.

“ஐயா, டாக்டர்கிட்ட போறவங்ககூட இப்படி எழுதிட்டுப் போகமாட்டாங்க. இதுலயே பதில் இருக்கு பாருங்க. ஆறின மெஷின்னா ஒம்பது நிமிஷம் ஓடுது. அணைஞ்ச உடனே எழுந்தா நாலு நிமிஷம்தான். அப்போ வைரஸும் இல்ல, விண்டோஸும் இல்ல. சூடு.”

“இருபது நாளா இத நான் கையில வச்சிருக்கேன். என் பையன் ஒரு தடவ வாங்கிப் பாத்திருப்பானா?” என்றார் மாமனார், மருமகளிடம். அவள் தலையசைத்தாள். நோட்டு தனக்கெதிராக எழுதப்பட்டுவந்த குற்றப்பத்திரிகை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் திருகாணிகளைச் சுழற்றித் தகட்டை எடுத்தான். கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தான். பிறகு, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையிலும், பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இதுக்கு முன்னாடி யாராவது பெட்டியத் தொறந்தீங்களா?”

“யாரு தொறப்பா? எனக்குத் தெரியாது. என் பையனுக்கு வராது. மருமகளுக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கறுப்பு நூலின் பூ முடிச்சைப் பார்த்தாள். தானாக விழுந்த முடிச்சுக்கு இரண்டு காதுகளும் அவ்வளவு சமமாக இருக்க முடியாது.

“ஃபேன் வயர், ஐயா,” என்றான் அவன். “கழ…”

அந்தச் சொல்லின் நடுவில் ஓர் இருமல் வந்தது. அவன் இருமி முடிக்கும் வரை அவள் அடுத்த எழுத்துக்காகக் காத்து நின்றாள். கழண்டிருக்கு, கழட்டியிருக்கு: இரண்டுக்கும் இடையில் உள்ளது ஒரே ஒரு மெய். மெல்லினம் வந்தால் விபத்து. வல்லினம் வந்தால் குற்றம்.

“…கழண்டிருக்கு ஐயா.”

நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டு வயரைச் செருகினான். கணினியை இயக்கினான். உள்ளே விசிறி ‘உர்’ என்று சுழன்றது.

மாமனார் பேனாவைத் திறந்தார். “எதனால கழண்டுச்சு?”

“நாளாச்சுன்னா எல்லாமே தானா கழண்டுக்கும் ஐயா.”

“அது காரணம் இல்லையேப்பா. யாராவது ஆட்டினாங்களா? எடம் மாத்தினோமா?”

“அப்படித்தான் ஏதாவது…” என்று தகட்டை மூடுவதில் மும்முரமானான்.

மாமனார் நேரத்தை எழுதினார்: 3.31. காரணத்துக்கு இடம் விட்டுப் பேனாவை மூடினார். அவர் நோட்டில் வெறுமையான ஒரு கட்டத்தை அவள் பார்ப்பது அதுவே முதல் முறை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெக்கானிக் தணிந்த குரலில் சொன்னான்: “முடிச்சு சூப்பர், அக்கா. ஆனா இனிமே நூல் வேணாம். சூட்டுல பத்திக்கும்.”

திரும்பி வந்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

“உக்காரும்மா. மூணு வாரம் வீணாப்போச்சு. எங்க விட்டோம்? ஏழாம் நம்பர் பஸ் லேட்டு. காரணம் சொல்ல வந்தேன்.”

“மாமா, நாலு மணிக்கு எனக்கு ஒரு தேர்வு இருக்கு. இதுலதான் எழுதணும்.”

“எழுது. நல்லா எழுது. நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன், வாயத் தொறக்க மாட்டேன்.”

“ரூம்ல யாரும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க.”

“யாரும்னா வெளி ஆளுங்க. நான் வீட்டு ஆள்தானே?”

மீண்டும் தானே.

“இல்ல மாமா. யாருமே.”

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். “என்ன தேர்வு?”

“வேலைக்கு. முழுநேர வேலை.”

“அப்போ என் புஸ்தகம்?” திரையைக் காட்டினார். குரலில் கோபமில்லை, பேருந்தைத் தவறவிட்டவர் குரல் அது. “பையனுக்குத் தெரியுமா? அவன் வரட்டும்மா. உக்காந்து பேசிக்கலாம். தேர்வு எங்க போயிடப் போகுது?”

மூன்று நாற்பத்தாறு. கணினி சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்களாகத் தக்க தருணத்தில் அணைந்து அவளைக் காப்பாற்றிய பொருள், இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடத் தயாராக இருந்தது. அவர் ஆறு மணி வரை சொல்வார். நாளை மூன்று மணிக்கும் சொல்வார். நானூற்றுப் பதிமூன்று, நானூற்றுப் பதினான்கு. அவள் கையில் ஒரே ஒரு வாக்கியம் மீதமிருந்தது. அதற்கு எழுவாய் தேவைப்பட்டது.

“மாமா, அந்த வயர் கழண்டது இல்ல. நான்தான் கழட்டினேன்.”



அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். மகனை அழைப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்தார்.

“என்னிக்கு?”

“ஆறாம் தேதி.”

“நேரம்?”

“மத்தியானம் ரெண்டு இருபது.”

“நான் தூங்கும்போது.”

“ஆமா மாமா.”

எழுதினார். கை மெதுவாகத்தான் நகர்ந்தது. பிறகு எழுந்து, நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் வாங்கப் போனாள், அவர் கொடுக்கவில்லை. நிலைப்படியில் நின்று, திரும்பாமல் கேட்டார்: “எத்தன நிமிஷம்?”

“நாப்பது.”

கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு அப்பாலே, மிக அருகில், நாற்காலியின் கால்கள் தரையில் ஊன்றும் ஒலி கேட்டது. கதவின் கீழ் இடுக்கில் நிழல் விழுந்தது.

நான்கு மணிக்குத் தேர்வு திறந்தது. பிழையான வாக்கியங்கள் நாற்பது, திருத்த வேண்டும். நான்கு எட்டுக்கு அவள் விரல்கள் தாமாகவே நின்றன. நான்கு ஒன்பது. திரையைப் பார்த்தாள். நான்கு பத்து. திரை அப்படியே இருந்தது. பதினொன்றாம் வாக்கியத்தில் ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தது; நீக்கினாள். கதவுக்கு வெளியே ஒருமுறை இருமல் கேட்டது. அதைக் கையால் பொத்தியதும் கேட்டது. இரண்டு நிமிடங்கள் மீதமிருக்கையில் அனுப்பினாள். முடிவு பத்து நாட்களில் தெரிவிக்கப்படும் என்றது திரை.

நான்கு நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. நொடி முள் பன்னிரண்டில் இருந்தது.

நாற்காலியோடு வந்து, பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு அமர்ந்தார். நோட்டைப் பிரித்தார்.

“எழுதும்மா.”

“ஏழாம் நம்பர் பஸ்ஸா, மாமா?”

“அது கெடக்கட்டும். புதுப் பக்கம்.” செருமிக்கொண்டார். “ஆறாம் தேதி பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, என் மருமகள் கணினியின் மின்விசிறி வயரைக் கழட்டினாள். கழட்டினாளா, கழற்றினாளா? எது சரி?”

“கழற்றினாள், மாமா.”

“அப்படியே போடு.”

போட்டாள். சொந்தக் குற்றத்தை ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்து முடித்து, முற்றுப்புள்ளி வைத்தாள்.

“கீழ, காரணம்னு போட்டு ரெண்டு புள்ளி வை.”

வைத்தாள்.

“சொல்லு.”

“வேற வழி தெரியல, மாமா.”

“அது டிரைவருங்க எல்லாரும் சொல்றது,” என்றார் நேரக்காப்பாளர். “அத நான் ஏத்துக்கிட்டதே இல்ல. ஒழுங்கா சொல்லு. எத்தன பக்கம் வேணும்னாலும் எடுத்துக்கோ.”

மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் இரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் கர்சர் தோன்றித் தோன்றி மறைந்தது. உள்ளே விசிறி சுழன்றது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்: நான்கு நாற்பத்தொன்பது.

கணினி அணையவில்லை.