நெஞ்சில் மீன் வைத்திருந்தவர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்த இருசப்பனுக்கு 2022 சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் நெஞ்சு குளிர்ந்தது, முதுகு கொதித்தது. பனியன் முன்புறம் ஈரம் பூத்து நிற்கும், பின்புறம் கருகும். மாதம் நாலு பனியன். மனைவி மங்கம்மா முதலில் அழுதார். பிறகு மீந்த மீன்குழம்பை அவர் நெஞ்சோரம் வைத்துப் பார்த்தார். மறுநாளும் கெடவில்லை. அதோடு ஊருக்கே தெரிந்துவிட்டது.

அங்கன்வாடி டீச்சர் ஆரோக்கியசெல்வி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார். "குளிருன்னு ஒண்ண யாரும் செய்யறதில்ல கண்ணுங்களா. மீனுக்குள்ள இருக்குற சூட்ட தாத்தா நெஞ்சால இழுத்து, முதுகு வழியா வெளிய தள்ளிடறாரு. சூடு போனா மிச்சம் இருக்குறதுதான் குளிரு. குளிருல கிருமிங்க சோம்பேறியா படுத்துக்கும், மீனு நாறாது. உங்க வீட்டு பிரிட்ஜும் இதேதான். தொடாதீங்க, முதுகு சுடும்."

மீன்காரம்மாக்கள் விற்காத மீனை அவர் நெஞ்சில் சாத்தினார்கள். மேஸ்திரி சடையப்பன் அவரை உப்புப் பாத்திக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். ஐந்து நாளில் விளைகிற உப்பு இரண்டு நாளில் விளைந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. பிரிட்ஜைக் கேட்டுக்கொண்டா வைக்கிறோம்?

அடுத்த வருஷம் மகள் சூர்யகலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருசப்பனுக்கு அதை ஒரு தடவை தூக்க வேண்டும். நெஞ்சில் வைத்தால் குழந்தையின் சூடு போய்விடும், முதுகில் சுமந்தால் வெந்துவிடும். பட்டினி கிடந்தால் குளிர் நிற்கும் என்று அவரே கண்டுபிடித்துக் கஞ்சியை ஒதுக்கினார். மூன்றாம் நாள் நெஞ்சு வெதுவெதுப்பானது. அன்றைக்குப் பார்த்து வலை நிறைய வஞ்சிரம்.

"கொஞ்ச நேரம் விடுங்கப்பா. ஒரு தபா தூக்கிக்கிறேன்."

"ஏம்பா, கொழந்த எங்க ஓடிடப் போவுது? மீனு நாறிடும்ல," என்றார் சடையப்பன்.

நாலு பேர் பிடித்துக்கொள்ள, மூக்கை அடைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். காலைப் பிடித்தவர்களில் நானும் உண்டு, இடது கால். மெதுவாகத்தான் பிடித்தேன் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வேளையும் முறைவைத்து ஊற்றினோம்.

ஐந்தாம் மாதம் சூர்யகலா பொம்மையார்பாளையத்துக்கு, புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஐந்தடி தள்ளி நின்று குழந்தையைக் காட்டினாள். பஸ் தாமதம். மாமியாருக்கு வாங்கிய வஞ்சிரத்தை நீட்டி, "பஸ்சு வர்ற வரைக்கும் வச்சிருப்பா," என்றாள். இருசப்பன் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்து, தலை தொங்கிவிடாமல் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார்.

மீன் நன்றாகக் குளிர்ந்திருந்ததாக மாமியார் போனில் சொன்னார்.