நடை வேகம்

அக்கா வீட்டு வண்டிக்கு நான் போட்ட மூன்றாவது பேட்டரியும் படுத்துவிட்டது. முதலாவது செத்தபோது, பழசு என்றேன். இரண்டாவது செத்தபோது, வாங்கின இடம் சரியில்லை என்றேன். மூன்றாவதற்குச் சொல்ல என்னிடம் சாக்கு மிச்சம் இல்லை. வண்டி பழுது பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஊரான் வண்டியெல்லாம் என் கை பட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். சொந்த அக்கா வீட்டு வண்டி மட்டும் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

வண்டி என்றால் ஏடிவி. பைக் மாதிரி ஹேண்டில்பார், பருத்த டயர் நாலு, மண்ணிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்றே செய்தது. பச்சை நிறம், குதித்துக் குதித்துப் போகும், அதனால் வீட்டில் அதற்குத் தவளை என்று பெயர். போன வருஷம் அது தோட்டத்துச் சரிவில் கவிழ்ந்து அத்தானின் இடது காலை நசுக்கியது. கால் ஓரளவு தேறியது. கோலூன்றி வாசல் வரை நடப்பார், அதற்கு மேல் முடியாது. எலுமிச்சைத் தோட்டமோ வீட்டுக்குப் பின்னால் நீளமாகக் கிடக்கிறது. தண்ணீர் வால்வுகளைத் திறக்கவும் மூடவும் தினமும் கடைசி வரை போயாக வேண்டும். அதற்கு அத்தானுக்கு அந்தத் தவளையை விட்டால் வேறு வழி இல்லை.

"சாயங்காலம் டிராக்டர்காரர் வர்றாரு. வண்டியையும் எடுத்துக்கட்டும், தோட்டத்தையும் குத்தகைக்குப் பாத்துக்கட்டும்னு சொல்லிட்டேன்," என்றாள் அக்கா போனில்.

"அத்தான் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? நாற்காலிய ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. காலைலேர்ந்து எந்திரிக்கவே இல்ல."

அத்தான் சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள். அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் ஒரே வருஷத்தில் ஆளே உருத்தெரியாமல் போய்விடுவார். கடையை அப்படியே போட்டுவிட்டு, சார்ஜ் ஏற்றி வைத்திருந்த ஒரு பேட்டரியையும் வோல்ட் அளக்கிற மீட்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"வா ஸ்பேனர்," என்றார் அத்தான். என்னைக் கல்யாணத்தன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார். சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொட்டகையில் தவளையின் சீட்டைக் கழற்றி, கொண்டுபோன பேட்டரியை மாட்டினேன். இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சாவியை அணைத்த பிறகும் எதுவாவது கரன்ட்டைத் திருடுகிறதா? இல்லை. எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறதா? பளபளவென்று இருக்கிறது. இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்குகிற காயில் தளர்ந்துவிட்டதா? அதிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களையும் பிரித்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி அளந்தேன். மூன்றும் ஒரே அளவு காட்டின. மறுபடி இணைத்துவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்து முறுக்கினேன். பதினாலுக்கு மேல் ஏறி அசையாமல் நின்றது. பன்னிரண்டரைக்கு மேல் இருந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம், பதினாலு என்றால் நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். தோட்டத்தில் ஒரு சுற்று விரட்டிப் பார்த்தேன். புது வண்டிகூட அப்படி ஓடாது.

எரிச்சல் தலைக்கேறியது. கோளாறு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றுமே இல்லாத வண்டியில் எதைக் கண்டுபிடிக்கிறது?

"அத்தான், எந்திரிங்க," என்றேன். "நீங்க தெனம் எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க. நான் பின்னாடி வர்றேன்."

மீட்டரை ஹேண்டில்பாரில் டேப் போட்டு ஒட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். வந்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ எங்க வர்றே?" என்றேன்.

"நான் எப்பவும் கூடத்தான் போவேன்," என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

அக்கா நடந்தாள். அத்தான் அவள் நடைக்குத் தவளையை உருட்டினார். அக்காவுக்கு மூட்டு வலி வேறு, அவள் நடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் மறுபக்கம் எட்டு வைத்து மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டரை. அந்த வண்டியின் விளக்கு சாவி போட்டதும் தானே எரியும், அணைக்க முடியாது. மெதுவாகப் போவதால் காற்று படாமல் இன்ஜின் சூடாகி, அதைக் குளிர வைக்கிற விசிறி சுற்ற ஆரம்பித்தது. மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கியது. முதல் வால்வில் அக்கா குனிந்து திருகும் வரை இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நின்றது. பன்னிரண்டுக்கும் கீழே போனது. அடுத்த வால்வுக்குள் இன்னும் கொஞ்சம்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. இவ்வளவு மெதுவாகச் சுற்றினால் இந்த இன்ஜினால் விளக்குக்கும் விசிறிக்குமே போதுமான கரன்ட் தர முடியாது, பேட்டரிக்கு எங்கே போகும்? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, ஒரு மாதத்தில் தீர்த்துக் கட்டியிருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் வந்து, முறுக்கிப் பார்த்து, விரட்டி ஓட்டி, எல்லாம் சரி என்று போயிருக்கிறேன். வண்டி எனக்கு ஓடிய மாதிரி இவர்களுக்கு ஒரு நாள்கூட ஓடியதில்லை.

அக்கா மூன்றாவது வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது அத்தானிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

அவர் எலுமிச்சை மரத்தைப் பார்த்தார். "மெதுவா உருட்டினா விளக்கு மங்குறது தெரியுதே. எனக்குக் கால்தான் போச்சு, கண்ணு போகல."

"அப்புறம் ஏன் சொல்லல? மூணு பேட்டரிய முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க. இப்ப வண்டியே போகப்போகுது."

"சொன்னா அவளை நடக்க வேணாம்னு சொல்லணும். எப்படிச் சொல்றது?" குனிந்திருந்த அக்கா பக்கம் பார்த்தார். "வண்டி போனா போகட்டும் விடு."

எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டுதான் எனக்கு வேலை செய்ய வரும். அக்கா நிமிர்ந்ததும் நேராகவே சொன்னேன். "பேட்டரி சாகுறது நீ கூட நடக்கிறதாலதான். இவரு கொஞ்சம் வேகமாப் போனாத்தான் அதுல சார்ஜ் ஏறும்."

"அப்ப பழி என் மேலயா?" அக்கா முகம் சிவந்தது. "நல்லா இருக்குடி நீ ரிப்பேர் பாக்குற லட்சணம்."

"சரிவுல வேலி போட்டாச்சு. மேட்டுப் பாதை சமமா இருக்கு. ஏன் கூடவே நடக்கிறே?"

அவள் அத்தானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசினாள். "அன்னைக்கும் இந்த இன்ஜின் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. வேலை பாக்குறாருன்னு நெனச்சு நான் பாட்டுக்குத் துணி மடிச்சுட்டிருந்தேன். எல்லாத் துணியும் மடிச்சேன்டி. பீரோவுல அடுக்கினேன். அவ்வளவு நேரமும் இவரு அதுக்கு அடியில கெடந்தாரு."

அத்தான் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீ இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே," என்றார்.

"எதைச் சொல்றது?"

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதையை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"போங்க," என்றாள்.

அத்தான் அவளையே பார்த்தார். "போகட்டுமா?"

"போங்கன்னேன்ல."

தவளை குதித்துக் கிளம்பியது. இரண்டாவது வளைவில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் தூரமாகப் போய், அந்த வரிசையின் கடைசி வால்வு இருக்கும் இடத்தில் ஒரே சீராக உறும ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, கோலூன்றி வால்வைத் திருகுகிறார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் மாறாமல் நீண்டுகொண்டே போனது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், சட்டென்று உதறிவிட்டு ஓடினாள். மூட்டு வலி எங்கே போனதோ, என்னால் கூடவே ஓட முடியவில்லை.

பாதிப் பாதையில் ஹார்ன் கேட்டது. சின்னதாக இரண்டு தடவை. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தடவை.

அக்கா நின்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இன்ஜின் சத்தம் உயர்ந்து, நகர்ந்து, அடுத்த வரிசைக்குப் போய் நின்றது. அங்கிருந்தும் ஹார்ன் இரண்டு தடவை வந்தது. அவள் ஒரு மரத்தடியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அந்த டிராக்டர்காரருக்கு நீயே போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு," என்றாள். பிறகு சத்தம் வந்த பக்கமே பார்த்தபடி கேட்டாள். "ஏன்டி, ஹார்ன் அடிச்சா பேட்டரி இறங்குமா?"

ஹார்னுக்கும் கொஞ்சம் கரன்ட் போகத்தான் செய்யும்.

"துளிகூட இறங்காதுக்கா," என்றேன்.