நீலக் கல்

அட்டாளைச்சேனையில் மூத்தவளான ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்த றுக்ஸானா கல்முனைக்குத் திரும்பி வந்தபோது, மீன் தொட்டியின் அடியில் நீலக் கல் நிறைந்து கிடந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. அபாயாவைக்கூடக் கழற்றாமல் கண்ணாடிக்கு முன்னால் குந்தினாள்.

அவளுடைய டிஸ்கஸ் மீன் சோடி கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கி நின்றது. அவற்றின் தோலில் ஊறும் பசையைத் தின்றபடி உடம்போடு ஒட்டித் திரிந்த குஞ்சுகளைக் காணவில்லை. ஒன்றுகூட.

“எப்படி இரிக்கி?” கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த அவள் கணவன் நளீம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றான். “வெறும் கண்ணாடியா, ஆஸ்பத்திரி மாதிரிக் கிடந்திச்சி. பின்னேரம் என்ட கூட்டாளி காலிதீன் வாறான். அதான் அழகாக்கின.”

“குஞ்செல்லாம் எங்க?”

“கல்லக் கொட்டினதும் ரெண்டும் ஒரே ஓட்டம். பொறகு பாத்தா ஒண்டுமில்ல. திண்டுட்டுதுகள் போல.” அவன் சிரித்தான். “பெத்ததையே திங்கிற மீன வளத்து என்ன செய்யப் போறாய்?”

முதலில் றுக்ஸானாவும் மணல் போட்டு, செடி நட்டுத்தான் வளர்த்தாள். மிஞ்சிய தீனி மணலுக்குள் அழுகி, மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அதற்குப் பிறகுதான் அடியை வெறுமையாக விட்டாள். அழுக்கு கண்ணில் பட்டது. குழாயால் உறிஞ்சி எடுக்க முடிந்தது. அப்படியும் இரண்டு தடவை முட்டைகள் பூஞ்சணம் பிடித்தே போயின. நீந்தும் வரை பிழைத்தவை இந்தக் குஞ்சுகள்தான். அவை பொரித்த அன்று அவள் கட்டாருக்கு வீடியோ அனுப்பியிருந்தாள். அவன் ஒரு பெருவிரல் குறியைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

“பயந்தா திங்கும்!” அவள் எழும்பினாள். “குஞ்சு இரிக்கக்கொள்ள தொட்டிக்கிட்டப் போக வேணாம் எண்டு சொல்லிட்டுத்தானே போன நான்?”

“ஒரு மீனுக்கு இந்தக் கத்தா?”

“மீனுக்கு மட்டுமில்ல. போன லீவில வந்து என்ட முருங்கைய வெட்டினீங்க. அதுக்கு முந்தின லீவில குசினி அலுமாரிய எனக்கு எட்டாத ஒசரத்தில அடிச்சீங்க. வருசத்துக்கு ஒருக்கா வாறீங்க. வந்து, நான் செஞ்சி வெச்சத ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டுப் போறீங்க. பொறகு அதோட கிடந்து மாரடிக்கிற ஆரு?”

அவன் வெளியே போனான். அவள் தொட்டித் தண்ணீரிலேயே வாளியை நிரப்பி, சோடியை அதற்குள் விட்டாள். கோட்டையைப் பிடுங்கி எறிந்தாள். கல்லை அள்ளி அள்ளி, விருந்தாளிக்காக அவன் துடைத்து வைத்திருந்த மேசையில் கொட்டினாள். சாயம் விரல்களில் நீலமாக ஒட்டியது.

காலிதீன் வந்தபோது மேசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இவ தொட்டி கழுவிறா, மச்சான்,” என்றான் நளீம் அவசரமாக.

ஆள் அரவம் கேட்டு உள்ளறைக்குள் ஒதுங்கியிருந்த றுக்ஸானா முக்காட்டை இழுத்துவிட்டுத் திரைக்கு வெளியே வந்தாள். “கழுவல்ல. நீங்க பாக்கிறதுக்கெண்டு இவர் கல் போட்டார். குஞ்செல்லாம் போயிட்டு. அதான் அள்ளுறன்.”

காலிதீனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நளீம் கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

“என்ட மானத்த வாங்கிட்டாய்!” நளீம் கத்தினான்.

“ஒங்கட மானம் இந்தக் கல்லிலயா இரிக்கி?”

“வேற குஞ்சு வாங்கித் தாறன்,” என்றான்.

“வேணாம். வாங்கிற எண்டா நான் எப்பவோ வாங்கியிரிப்பன்.” குழாயை அவன் கையில் திணித்தாள். “அடியில கிடக்கிற ஊத்தைய உறிஞ்சி எடுங்க. எடுத்துப் பாத்தாத்தான் விளங்கும்.”

அவன் சாரத்தை மடித்துக் கட்டி முழங்காலிட்டான். பழக்கமில்லாமல் வாயால் உறிஞ்சியதில் அழுக்குத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. இருமினான், துப்பினான். மறுபடி உறிஞ்சினான். அவள் உதவவுமில்லை, சிரிக்கவுமில்லை. அவளுக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்தது.

“சரியா?” என்றான்.

“இல்ல,” என்றாள். “அடுத்த மூலையும் இரிக்கி.”

அவன் குழாயை நகர்த்தினான்.